எஞ்ஜினைப் பிரித்துப் படித்தவர்

மும்பை, சென்னை, பெங்களூரு மெட்ரோ ரயில்களில் தினமும் போய்வரும் நம் அங்கத்தினர்கள் பலர் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்க மாட்டார்கள். அந்தப் பாதைகளில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள தூரம் 1435 மில்லிமீட்டர். பழைய கணக்கில் 4 அடி 8½ அங்குலம். இப்படி ஒரு விசித்திரமான அளவை எந்தக் கமிட்டியும் கூடி யோசித்து நிர்ணயிக்கவில்லை. சுமார் இருநூறு வருஷங்களுக்கு முன் இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் குதிரைகள் நிலக்கரி வண்டிகளை இழுத்துப் போன சில பாதைகளின் அகலம் ஏறக்குறைய அதுதான். அந்தச் சுரங்கங்களின் நடுவிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர், தமக்குப் பழகிய அளவையே தாம் போட்ட ரயில் பாதைகளுக்கும் வைத்துக்கொண்டார். சக்கரம் பிடிக்காமல் ஓடுவதற்காக அரை அங்குலம் பிற்பாடு சேர்ந்தது. அவர் பெயர் ஜார்ஜ் ஸ்டீஃபன்சன்.

நீராவி ரயிலைக் கண்டுபிடித்தவர் ஸ்டீஃபன்சன் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அது சரியல்ல. தண்டவாளத்தின்மேல் நீராவி எஞ்ஜினை முதலில் ஓட்டிக் காட்டியவர் ரிச்சர்ட் ட்ரெவிதிக், 1804-ல், வேல்ஸில். அவருக்குப் பின் ப்ளென்கின்சாப், ஹெட்லி போன்றவர்களும் முயன்று ஓரளவு வெற்றி கண்டார்கள். ஆனால் எஞ்ஜின், தண்டவாளம், பாலம், மேடு பள்ளம், செலவுக் கணக்கு அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்து, ஜனங்கள் நம்பி ஏறக்கூடிய ஒன்றாக ரயில்வேயை நிலைநாட்டியவர் ஸ்டீஃபன்சன்தான். 18 வயது வரை எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் இதை எப்படிச் சாதித்தார் என்பதே இங்கு எழுத வந்த விஷயம். இன்று நம் குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு பொறியாளராவது இருக்கிறார். அவர்களில் எத்தனை பேர் ஓர் இயந்திரத்தைத் தம் கையால் கழற்றிப் பூட்டியிருப்பார்கள் என்று கேட்டால் சங்கடமான பதில்தான் வரும். ஆகவே இந்தக் கதை நமக்கும் சம்பந்தமுள்ளது.

ஸ்டீஃபன்சன் 1781 ஜூன் 9 அன்று, நியூகாசில் நகருக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டரில் உள்ள வைலம் என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் சுரங்கத்தில் நீர் இறைக்கும் எஞ்ஜினுக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். தாய் தந்தை இருவருக்குமே படிப்பு கிடையாது. குடும்பம் முழுவதும் இருந்தது ஒரே அறையில். வீட்டு வாசலிலேயே மரத் தண்டவாளத்தில் குதிரைகள் கரி வண்டிகளை இழுத்துப் போகும். ஆறு குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்ப அந்தச் சம்பளம் போதாது. சிறுவன் ஜார்ஜ் முதலில் மாடு மேய்த்தான். பிறகு கரியில் கலந்த கல்லைப் பொறுக்கினான். 14 வயதில் தகப்பனாருக்கு உதவியாளாகச் சேர்ந்தான்.

17 வயதில் நியூபர்ன் அருகில் ஒரு பம்ப் எஞ்ஜின் அவர் பொறுப்பில் வந்தது. அதே எஞ்ஜினில் தகப்பனார் ஃபயர்மேன். பிள்ளை அவருக்கு மேல். மற்றத் தொழிலாளிகள் சனிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் குடிக்கவும் சண்டைக்கோழி பார்க்கவும் போய்விடுவார்கள். ஸ்டீஃபன்சன் நின்றுபோன எஞ்ஜினைக் கழற்றுவார். ஒவ்வொரு வால்வையும் ஒவ்வொரு கடையாணியையும் துடைத்து, எங்கே தேய்ந்திருக்கிறது, ஏன் தேய்ந்தது என்று பார்த்து, திரும்பப் பூட்டுவார். அவரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை எஞ்ஜினை ஓடவைப்பது மட்டுமே. பழுதானால் சுரங்கத்தின் எஞ்ஜினியரைக் கூப்பிட வேண்டும் என்பதுதான் விதி. கூப்பிடவேண்டிய அவசியம் அவருக்கு அநேகமாக வரவில்லை.

போல்டன், வாட் என்பவர்கள் செய்த எஞ்ஜின்களைப் பற்றிப் புஸ்தகங்களில் எழுதியிருக்கிறது என்று கேள்விப்பட்டபோதுதான் எழுத்து தெரியாததன் நஷ்டம் அவருக்கு உறைத்தது. 18 வயதில், பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் பிறகு, காசு கொடுத்து இரவுப் பள்ளியில் சேர்ந்தார். சிலேட்டில் கணக்கை எழுதிக்கொண்டு வந்து, கொதிகலன் அருகில் உட்கார்ந்து போடுவார். 19 வயதில் தம் பெயரை எழுதக் கற்றார். மேற்கொண்டு எவ்வளவோ சாதித்தும், கடிதங்களைப் பெரும்பாலும் பிறரைக் கொண்டே எழுதவேண்டியிருந்தது கடைசி வரை மாறவில்லை.

1802-ல் திருமணம். மறு வருஷம் மகன் ராபர்ட் பிறந்தான். வருமானம் போதாமல் ஸ்டீஃபன்சன் ராத்திரிகளில் செருப்புத் தைத்தார், கடிகாரம் ரிப்பேர் செய்தார். கடிகார வேலை வந்த விதத்தை அவர் சரித்திரத்தை எழுதிய சாமுவேல் ஸ்மைல்ஸ் சொல்கிறார்: வீட்டுப் புகைபோக்கியில் தீப்பிடித்து, அக்கம்பக்கத்தார் தண்ணீரை வாரி இறைத்ததில் சுவர்க் கடிகாரம் கரியும் ஈரமுமாக நின்றுவிட்டது. கடிகாரக்காரனுக்குக் கொடுக்கக் காசில்லாமல் தாமே பிரித்துச் சுத்தம் செய்து ஓடவிட்டார். அதன்பின் அந்த வட்டாரத்தில் நின்றுபோன கடிகாரங்களெல்லாம் அவர் வீட்டுக்கு வர ஆரம்பித்தன.

அடுத்த சில வருஷங்கள் கஷ்ட காலம். ஒரு பெண் குழந்தை பிறந்து மூன்று வாரத்தில் இறந்தது. 1806-ல் மனைவி காசநோயில் போய்விட்டாள். குழந்தையைப் பிறர் பொறுப்பில் விட்டுவிட்டு ஸ்காட்லாந்துக்கு வேலைக்குப் போய்த் திரும்பினால், தகப்பனார் எஞ்ஜின் நீராவி முகத்தில் அடித்துக் கண் போய்க் கடனில் கிடந்தார். சேமித்ததெல்லாம் அதற்குச் சரியாகிவிட்டது. அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார்.

அவர் வாழ்க்கை திரும்பியது 1811-ல். கில்லிங்வொர்த் சுரங்கத்தில் ஹை பிட் என்ற புதுக் குழியில் தண்ணீர் இறைக்க ஓர் எஞ்ஜின் வைத்திருந்தார்கள். ஏறத்தாழ ஒரு வருஷமாக இறைத்தும் குழி வற்றவில்லை. வட்டாரத்து எஞ்ஜினியர்கள் எல்லோரும் பார்த்துக் கைவிட்டுவிட்டார்கள். அது பழைய நியூகாமன் வகை எஞ்ஜின். சிலிண்டருக்குள் நீராவியை நிரப்பி அதன்மேல் குளிர்ந்த நீரைப் பீய்ச்சினால் நீராவி சுருங்கி வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். எத்தனை சீக்கிரம், எத்தனை பூரணமாக நீராவி குளிர்கிறதோ அத்தனை பலம். ஸ்டீஃபன்சன் அப்போது வெறும் பிரேக்ஸ்மேன், அதாவது குழியிலிருந்து கரியையும் ஆட்களையும் மேலே தூக்கும் இயந்திரத்தை இயக்குபவர். ஓய்வு நேரத்தில் அந்த எஞ்ஜின் ஓடுவதைப் பார்த்துவிட்டு, தம்மால் சரிசெய்ய முடியும் என்றார். நிர்வாகிக்கு வேறு வழியில்லாததால் சம்மதித்தார். ஸ்டீஃபன்சன் ஒரு நிபந்தனை போட்டார்: வேலைக்கு வேண்டிய ஆட்களைத் தாமே பொறுக்கி எடுப்பார்.

அவர் செய்தது பெரிய மாயம் ஒன்றுமில்லை. குளிர்ந்த நீர் பாயும் துளையை அகலப்படுத்தினார். தண்ணீர்த் தொட்டியைச் சுமார் பத்தடி உயர்த்தினார். நீராவியின் அழுத்தத்தையும் கூட்டினார். எஞ்ஜின் முதலில் கட்டடமே அதிரும்படி ஓடி, பிறகு நிதானத்துக்கு வந்தது. சில நாட்களில் குழி வற்றி ஆட்கள் இறங்கினார்கள். பௌதிகம் படித்தவர்களுக்கு இதன் தத்துவம் ஐந்து நிமிஷத்தில் விளங்கிவிடும். கைவிட்டுப் போன எஞ்ஜினியர்களுக்கும் விளங்கியிருக்கக்கூடியதுதான். ஆனால் நோய் எங்கே என்று கண்டுபிடிக்க, ஆரோக்கியமான எஞ்ஜின் எப்படி மூச்சு விடும் என்பது காதுக்கும் கைக்கும் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் பத்துப் பன்னிரண்டு வருஷத்துச் சனிக்கிழமைகளில் அவருக்கு வந்தது.

அரசாங்க வேலையில் இருந்த காலத்தில், இயந்திரங்களைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டங்கள் பலவற்றில் நான் உட்கார்ந்திருக்கிறேன். மேஜைமேல் வரைபடம் இருக்கும், கோப்பு இருக்கும், நாலைந்து பட்டதாரிகள் இருப்போம். அந்த இயந்திரத்தை தினமும் ஓட்டும் ஃபோர்மேனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கும் வழக்கம் மட்டும் இருந்ததில்லை. கில்லிங்வொர்த் நிர்வாகி கேட்டார். அதற்குப் பலனாக 1812-ல் ஸ்டீஃபன்சன் வருஷத்துக்கு 100 பவுன் சம்பளத்தில் அங்கத்திய எஞ்ஜின்கள் அனைத்துக்கும் பொறுப்பாளர் ஆனார்.

அந்தப் பதவியில் அவர் முதலில் செய்த பெரிய காரியம் ரயில் எஞ்ஜின்கூட இல்லை என்று சொல்லலாம். சுரங்கத்தில் கசியும் வாயு, விளக்குச் சுடர் பட்டால் வெடிக்கும். 1812-ல் அருகிலிருந்த ஃபெல்லிங் சுரங்கத்தில் 92 பேர் இப்படி மாண்டார்கள். வாயு கொப்பளிக்கும் வெடிப்புகளின் அருகே மெழுகுவர்த்திகளைப் பிடித்துப் பார்த்து ஸ்டீஃபன்சன் பரிசோதனைகள் செய்தார். பார்த்தவர்களுக்குக் குலை நடுங்கியது. 1815 அக்டோபர் 21 அன்று, தாம் செய்த விளக்கை ஏற்றிக்கொண்டு, வாயு பீறிடும் இடத்துக்கு அவரே நடந்து போனார். கூட வந்தவர்கள் தூரத்தில் நின்றுவிட்டார்கள். விளக்கு அணைந்தது, வெடிக்கவில்லை.

மூன்று வாரத்துக்குள் லண்டனில், விஞ்ஞான உலகமே போற்றிய சர் ஹம்ஃப்ரி டேவி, தாம் தனியாகக் கண்டுபிடித்த பாதுகாப்பு விளக்கை ராயல் சொஸைட்டியில் விவரித்தார். டேவிக்கு 2,000 பவுன் பரிசு சேர்ந்தது. ஸ்டீஃபன்சனுக்கு 100 கினி. படிக்காத சுரங்கத் தொழிலாளி இதைச் சுயமாகச் செய்திருக்க முடியாது, திருடியிருக்க வேண்டும் என்று டேவியின் பக்கத்தார் பேசினார்கள். நியூகாசில்காரர்கள் விசாரித்து, உண்மையை நிலைநாட்டி, 1,000 பவுன் வசூலித்துக் கொடுத்தார்கள். 1833-ல் நாடாளுமன்றக் கமிட்டி ஒன்றும் இருவருக்கும் சம உரிமை என்று ஏற்றது. விஞ்ஞானப் பட்டதாரி என்ற முறையில் இங்கே ஒன்று சொல்லத்தான் வேண்டும். விளக்கு ஏன் வெடிக்கவில்லை என்பதற்கு ஸ்டீஃபன்சன் வைத்திருந்த விளக்கம், எரிந்த காற்று சுடரை அணைக்கிறது என்பது. குறுகிய துவாரத்தில் உலோகம் சூட்டை உறிஞ்சிச் சுடர் வெளியே பரவாமல் தடுக்கிறது என்ற உண்மையான காரணத்தை நன்கு அறிந்தவர் டேவிதான். கை சரியாகச் செய்தது; தத்துவம் முழுவதும் பிடிபடவில்லை. ஆனாலும் அந்த அவமானம் ஸ்டீஃபன்சனை விட்டுப் போகவில்லை. லண்டன் நிபுணர்களை ஆயுள் முழுவதும் அவர் சந்தேகத்தோடுதான் பார்த்தார். அது கொஞ்சம் அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு ஒரு வருஷம் முன்பே, 1814 ஜூலையில், அவருடைய முதல் ரயில் எஞ்ஜின் ப்ளூகர் 30 டன் கரியை மேட்டில் மணிக்கு 4 மைல் வேகத்தில் இழுத்தது. ஆனால் எஞ்ஜினின் கனத்துக்கு வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் முறிந்தன. அவற்றை மேம்படுத்தி, 1816-ல் ஒரு கூட்டாளியோடு காப்புரிமை எடுத்தார். பிறகு பெட்லிங்டன் ஆலையில் உருட்டித் தயாரித்த தேனிரும்புத் தண்டவாளத்தைப் பார்த்தபோது, அதுவே உசத்தி என்று கண்டு, தம் காப்புரிமையில் வரக்கூடிய வருமானத்தை விட்டுவிட்டு அதைச் சிபாரிசு செய்தார். கூட்டாளி கோபித்துக்கொண்டு உறவை முறித்தார். அந்தத் தண்டவாளங்கள் ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதையில் போடப்பட்டன. 1825 செப்டம்பர் 27 அன்று லோகோமோஷன் என்ற எஞ்ஜினை ஸ்டீஃபன்சனே ஓட்டி, கரி, மாவு மூட்டைகளோடு நூற்றுக்கணக்கான ஜனங்களையும் ஏற்றிக்கொண்டு போனார்.

அதே வருஷம் அவருக்கு ஒரு பெரிய அடியும் விழுந்தது. லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில்வேக்கான மசோதா நாடாளுமன்றக் கமிட்டிக்கு வந்தது. ஏப்ரலில் ஸ்டீஃபன்சன் சாட்சி சொல்ல நின்றார். எதிர்த்தரப்பு வக்கீல் ஆல்டர்சன் அவரைக் குடைந்தார். நில அளவையின் மட்டங்களை உதவியாளர்கள் எடுத்திருந்தார்கள். நிலச்சுவான்தார்கள் ஆட்களை வைத்து விரட்டியதால் அவசரத்தில் எடுத்தவை. அவற்றில் பல அடிகள் வித்தியாசம் இருந்தது. ஸ்டீஃபன்சன் சரிபார்க்கவில்லை. இர்வெல் நதிப் பாலத்தைப் பற்றிக் கேட்ட எளிய கேள்விகளுக்கும் பதில் இல்லை. அவருடைய வடநாட்டுக் கொச்சையைக் கேட்டுச் சபையினர் சிரித்தார்கள். மசோதா தோற்றது, வேலையும் போயிற்று. சிலர் இதைப் படித்தவர்களின் திமிர் என்று எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொச்சைக்குச் சிரித்தது தவறு. மட்டக் கணக்கைக் கேட்டது நியாயம். தொட்டுப் பார்க்க முடிந்த எஞ்ஜினில் அவர் தவறியதே இல்லை. 30 மைல் நீளத்துக்குக் காகிதத்தில் கிடக்கும் எண்களில் தவறினார்.

1826-ல் வேறு எஞ்ஜினியர்களின் அளவையை வைத்து மசோதா நிறைவேறியது. அவர்களோடு உடன்பாடு ஏற்படாமல் கம்பெனி மறுபடி ஸ்டீஃபன்சனையே கூப்பிட்டது. பாதையில் சாட் மாஸ் என்ற சதுப்பு நிலம் சுமார் நாலு மைல். கொட்டிய மண்ணையெல்லாம் விழுங்கியது. கம்பெனி டைரக்டர்கள் கைவிடலாமா என்று யோசித்தார்கள். ஸ்டீஃபன்சன் விடாமல் புதர்க்கட்டுகளையும் மரத்தட்டிகளையும் பரப்பி, அதன்மேல் பாதையை மிதக்கவிட்டார். காலிப் பீப்பாய்களை வரிசையாக இணைத்து வடிகால் ஆக்கினார். இன்றும் அந்தச் சதுப்பின்மேல் ரயில்கள் ஓடுகின்றன.

இங்கே மகனைப் பற்றிச் சொல்லவேண்டும். தமக்கு எது இல்லை என்பது ஸ்டீஃபன்சனுக்கு நன்றாகத் தெரியும். கடிகாரம் ரிப்பேர் செய்த காசில் ராபர்ட்டைக் கிராமப் பள்ளிக்கும், பிறகு நியூகாசிலில் நல்ல பள்ளி ஒன்றுக்கும் அனுப்பினார். பையன் கழுதைமேல் ஏறிப் போய்வருவான். அங்குள்ள இலக்கிய, தத்துவச் சங்கத்து நூலகப் புஸ்தகங்களைக் கொண்டுவருவான். கொடுக்க மறுத்தவற்றின் படங்களைப் பிரதி எடுத்து வருவான். ராத்திரி அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து படிப்பார்கள். 1816-ல் இருவரும் கில்லிங்வொர்த்தின் அட்சரேகையைக் கணக்கிட்டு, ஒரு சூரியக் கடிகாரத்தைக் கல்லில் செதுக்கித் தங்கள் வீட்டு வாசலுக்கு மேலே பதித்தார்கள். அந்த வீட்டுக்கு இப்போதும் டயல் காட்டேஜ் என்றுதான் பெயர்.

இத்தனை படிக்கவைத்தவர், பள்ளி முடிந்ததும் பையனை நேரே கல்லூரிக்கு அனுப்பவில்லை என்பது கவனிக்க வேண்டியது. சுரங்க நிர்வாகி நிகோலஸ் உட்டிடம் பயிற்சியாளாக விட்டார். பையன் கையில் விளக்கும் கருவியுமாக நிலத்தடியில் இறங்கினான். எடின்பரோ பல்கலைக்கழகம் அதற்குப் பிறகுதான், அதுவும் ஆறே மாதம். நம் வீடுகளில் வரிசை வேறு. பையன் கையில் ஸ்பேனரைப் பார்த்தால், அதை வைத்துவிட்டுப் போய்ப் படி என்று சொல்லியே பழகிவிட்டோம். பொறியியல் கல்லூரி முதல் வருஷத்தில் ஃபிட்டிங் ஷாப்பில் இரும்புத் துண்டை அரத்தால் ராவச் சொல்வதையும், எப்படியாவது மார்க் வாங்கிக் கடந்துவிட வேண்டிய ஒரு சடங்காகவே நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

ராபர்ட்டின் கல்வி பலன் தந்தது 1829 அக்டோபரில். புதிய பாதைக்கு எஞ்ஜின் தேர்ந்தெடுக்க ரெய்ன்ஹில் என்ற இடத்தில் 500 பவுன் பரிசுக்குப் போட்டி வைத்தார்கள். ஸ்டீஃபன்சன்கள் அனுப்பியது ராக்கெட். கொதிகலனுக்குள் 25 தாமிரக் குழாய்களை வைத்து அவற்றின் வழியே சூடான காற்றைச் செலுத்தும் யோசனை, கம்பெனியின் பொருளாளர் ஹென்றி பூத் கொடுத்தது. அவர் எஞ்ஜினியர்கூட அல்ல. செய்து முடித்தவர் ராபர்ட், நியூகாசில் பட்டறையில். குழாய்கள் கொதிகலன் தகட்டோடு சேரும் இடத்தில் முதலில் தண்ணீர் கசிந்தது. பல தடவை கழற்றிப் பொருத்திய பிறகே சரிப்பட்டது. முக்கியமாக, போட்டிக்கு அனுப்பும் முன் கில்லிங்வொர்த் பாதையில் ஓட்டிப் பார்த்தார்கள்.

ஜனங்களின் செல்லம் நாவல்டி என்ற எஞ்ஜின். லண்டனில் பிரெய்த்வெய்ட், எரிக்சன் என்ற கெட்டிக்காரர்கள் இருவர் சில வாரங்களில் செய்தது, அழகானது, வேகமானது. ஆனால் லண்டனில் அப்போது ஓட்டிப் பார்க்க ரயில் பாதையே கிடையாது. ரெய்ன்ஹில்லில் முதல் நாள் பறந்தது, பிறகு குழாய்களும் இணைப்புகளும் ஒவ்வொன்றாகக் கைகொடுக்காமல் போயின. இன்னொன்றில் சிலிண்டர் பழுதாயிற்று. நிர்ணயித்த தூரம் முழுவதும் ஓடி முடித்தது ராக்கெட் ஒன்றுதான். பாரம் இல்லாமல் மணிக்கு சுமார் 30 மைல் வரை தொட்டது.

1830 செப்டம்பர் 15, பாதையின் திறப்பு விழா. வழியில் நின்ற இடத்தில் கீழே இறங்கிய ஹஸ்கிஸன் என்ற பிரமுகர்மேல் ராக்கெட் ஏறிவிட்டது. ஸ்டீஃபன்சன் நார்தம்ப்ரியன் எஞ்ஜினில் அவரை ஏற்றிக்கொண்டு, அதுவரை யாரும் கண்டிராத வேகத்தில், மணிக்கு 36 மைலில், தாமே ஓட்டிப் போனார். அன்றிரவே அவர் இறந்துவிட்டார்.

பிற்காலத்தில் ஸ்டீஃபன்சனுக்குப் பணத்துக்குக் குறைவில்லை. செஸ்டர்ஃபீல்ட் அருகே டாப்டன் மாளிகையில் குடியேறி, கண்ணாடி வீடுகளில் அன்னாசியும் முலாம்பழமும் பயிரிட்டார். வெள்ளரிக்காய் வளைந்து வளர்வது பிடிக்காமல், கண்ணாடிக் குழாய் செய்து அதற்குள் நேராக வளரவைத்தார். 1847-ல் பர்மிங்ஹாமில் இயந்திரப் பொறியாளர் சங்கம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவரே. 1848 ஆகஸ்ட் 12 அன்று, 67-ஆம் வயதில் காலமானார்.

அடுத்த வருஷம் அந்தச் சங்கத்தின் தலைவரானவர் ராபர்ட். சில வருஷங்கள் கழித்து, பட்டதாரிகளும் நிபுணர்களும் நிறைந்த லண்டன் சிவில் பொறியாளர் சங்கத்துக்கும் தலைவரானார். லண்டனையும் பர்மிங்ஹாமையும் இணைத்த ரயில்வே, மெனாய் ஜலசந்தியின்மேல் பிரிட்டானியா பாலம் ஆகியவை அவர் கட்டியவை. 1859-ல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவருக்கு இடம் கிடைத்தது. பக்கத்தில் இருக்கும் சமாதி, கல் செதுக்கும் கொத்தனாரிடம் பயிற்சியாளாக வாழ்க்கையைத் தொடங்கிய தாமஸ் டெல்ஃபர்டுடையது.